தகரச் சுவருக்குள் ஒரு வீடு: கேம்பர் வேன் குளிரோடும் இரைச்சலோடும் போராடிய கதை

ஒரு வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகப் பிரபலமான பழக்கம். இந்த வண்டிக்குக் கேம்பர் வேன் என்று பெயர். படங்களில் பார்க்க மிக அழகாக இருக்கும். கடற்கரையில் நிறுத்திய வேன், திறந்த கதவு, கையில் காப்பிக் கோப்பை!

ஆனால் ஜனவரி மாத இரவில் அதே வேனுக்குள் படுத்தால் கதை வேறு. வேனின் சுவர் என்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத எஃகுத் தகடு. வெளியே குளிர் பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் சற்று நேரத்தில் உள்ளேயும் அதே நிலைதான். மழை பெய்தால் தலைக்கு மேல் மேளம் அடிப்பது போல இருக்கும். ஓடும்போதோ தகடு முழுவதும் அதிர்ந்து பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

இந்தத் தகரப் பெட்டியை மனிதர் தூங்கக்கூடிய இடமாக மாற்ற எதை எதையோ சுவரில் அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். மரம், கண்ணாடிப் பஞ்சு, கல்நார், தார், நுரை, ஆட்டு ரோமம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் ஒரு பிரச்சினையைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவந்தது. அந்த இன்னொன்றுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

மரவண்டிக் காலம்

சக்கரத்தின் மேல் வீடு என்பது புதிய யோசனை இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டனில் ரோமா மக்கள் 'வார்டோ' எனப்படும் மரவண்டிகளில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். குதிரை இழுக்கும் அந்த வண்டிக்குள் ஒரு சிறிய இரும்பு அடுப்பும் அதன் புகைபோக்கியும் இருக்கும்.

உல்லாசப் பயணத்துக்காகவே இப்படி ஒரு வண்டியைச் செய்யச் சொன்ன முன்னோடி வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். இவர் ஓய்வு பெற்ற கடற்படை மருத்துவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதியவர். 1885-ல் பிரிஸ்டல் நகரின் ஒரு வண்டித் தொழிற்சாலையில் 'வாண்டரர்' என்ற வண்டியைச் செய்யச் சொன்னார். மகோகனி, மேப்பிள் மரங்களால் ஆன அந்த வண்டியின் எடை சுமார் இரண்டு டன்! இரண்டு குதிரைகள் பூட்டி, இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை போனார்.

இந்த மரவண்டிகளில் 'வெப்பக்காப்பு' என்று தனியாக யாரும் எதையும் பொருத்தவில்லை. தேவையும் இல்லை. மரமே ஒரு வெப்பக்காப்புப் பொருள். எஃகு வழியாக வெப்பம் கடத்தப்படும் வேகம் மரத்தைவிட முன்னூறு மடங்குக்கு மேல். தடித்த மரப்பலகை அதிர்வையும் தகடு போலப் பெருக்காது. ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு பிறகு வெளியே விடும். ஆக மூன்று வேலைகளையும் ஒரே பொருள் செய்தது.

அதற்கு விலை எடை. குதிரைக்குப் பதிலாக மோட்டார் வந்ததும், வண்டி இலேசாக இருக்க வேண்டும், மலிவாக இருக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் அச்சு வார்த்தாற்போல் வர வேண்டும் என்ற நிலை வந்தது. மரம் போய் உலோகத் தகடு வந்தது. வெப்பக்காப்பின் வரலாறு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

விமானத்திடம் கற்ற பாடம்

மெல்லிய உலோகப் பெட்டிக்குள் மனிதரை உட்கார வைக்கும் பிரச்சினையை முதலில் பெரிய அளவில் சந்தித்தவர்கள் விமானம் கட்டியவர்கள். 1930-களில் பயணிகள் விமானம் வணிகமாக வளர்ந்தபோது, எஞ்சின் இரைச்சலைக் குறைக்காமல் டிக்கெட் விற்க முடியாது என்பது புரிந்துவிட்டது. சுவருக்கும் உள்பலகைக்கும் நடுவே மெத்தை போன்ற பொருள்களை அடைத்தார்கள்.

அந்தப் பாடம் சாலைக்கும் வந்தது. அமெரிக்காவில் வாலி பையம் 1936-ல் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற இழுவை வண்டியை வெளியிட்டார். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வகை இது. விமானம் போலவே அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்தது. சுவரில் வெப்பக்காப்பு, காற்றோட்ட வசதி, ஏன், உலர்பனியால் குளிரூட்டும் ஏற்பாடுகூட இருந்தது! விலை 1,200 டாலர். பொருளாதார மந்தக் காலத்தில் அது பெரிய தொகை. இருந்தும் வாங்க ஆள் இருந்தது.

சரியாக அந்தக் காலத்தில்தான் ஒரு முக்கியமான பொருளும் பிறந்தது. 1932-ல் ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றபோது, வேகமான காற்று உருகிய கண்ணாடியில் பட்டு மெல்லிய இழைகளாகச் சிதறியது. ஒட்டும் முயற்சி தோற்றது. ஆனால் கண்ணாடிப் பஞ்சு கிடைத்தது. 1938-ல் அதை விற்பதற்கென்றே ஓவன்ஸ் கார்னிங் என்ற நிறுவனம் உருவானது.

கண்ணாடிப் பஞ்சின் இரகசியம் கண்ணாடியில் இல்லை, காற்றில் இருக்கிறது. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். இழைகளின் வேலை அந்தக் காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பது மட்டுமே. கம்பளிப் போர்வையும் இதே வேலையைத்தான் செய்கிறது. எஃகோடு ஒப்பிட்டால் கண்ணாடிப் பஞ்சு வெப்பத்தைக் கடத்துவது ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

வார நாளில் சரக்கு, ஞாயிறன்று வீடு

இப்போது கேம்பர் வேனின் உண்மையான நாயகனுக்கு வருவோம். 1947-ல் பென் பான் என்ற டச்சு வணிகர் வோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே சாமான் தூக்குவதற்காகத் தொழிலாளர்கள் உருவாக்கியிருந்த ஒரு வண்டியைப் பார்த்து, தன் குறிப்பேட்டில் பெட்டி வடிவ வேன் ஒன்றை வரைந்தார். அந்தக் கிறுக்கலில் பிறந்ததுதான் வோக்ஸ்வாகன் டைப் 2. 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது.

அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் 'கேம்பிங் பாக்ஸ்' என்ற கழற்றி மாட்டும் அறைகலன் தொகுப்பை வெளியிட்டது. போர் முடிந்து ஆறே ஆண்டுகள் ஆன நாடு. வேலைக்கு ஒரு வண்டி, உல்லாசத்துக்கு ஒரு வண்டி என்று இரண்டு வாங்க யாரிடமும் பணம் இல்லை. வார நாட்களில் சரக்கு ஏற்றிய அதே வேனில் சனிக்கிழமை பெட்டியை மாட்டினால் வீடு தயார்!

ஆனால் அந்த வேனுக்குள் பெரும்பாலும் பெயின்ட் அடித்த வெறும் தகடுதான் இருந்தது. எஞ்சின் பின்பக்கம், அதாவது படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. அதுவும் காற்றால் குளிர்விக்கும் எஞ்சின். தண்ணீரால் குளிரும் எஞ்சினில் சுற்றியுள்ள தண்ணீர் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கும். இதில் அந்த வாய்ப்பும் இல்லை. சூட்டுக்கு எஞ்சினிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றைக் குழாய் வழியே முன்னே அனுப்பினார்கள். எஞ்சினை நிறுத்தினால் சூடும் நின்றுவிடும். இரவில் தேவைப்படும்போது கிடைக்காத சூடு!

பின்னாளில் வந்த வெஸ்ட்ஃபாலியா வண்டிகளில் பிளைவுட் பலகைகளும் அவற்றின் பின்னால் கண்ணாடிப் பஞ்சும் வந்தன. வண்டி வெப்பமானது, அமைதியானது. எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றியது. ஆனால் பல ஆண்டுகள் கழித்துப் பலகையைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

இரைச்சல் ஒன்றல்ல, மூன்று

வெப்பக்காப்புப் பொருளை அடைத்தால் சத்தமும் தானாகக் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். வேனுக்குள் சத்தம் மூன்று விதமாக வருகிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, தகடே அதிர்வது. தாம்பாளத்தைத் தட்டினால் 'டங்' என்று நீண்ட நேரம் ஒலிக்கும். அதன் மேல் ஒரு விரலை வைத்தால் உடனே அடங்கும். தகட்டின் மேல் தார் கலந்த பட்டைகளை ஒட்டுவதன் தத்துவம் இதுதான். அதிர்வு அந்தப் பட்டைக்குள் போய் நுண்ணிய வெப்பமாக மாறிக் கரைந்துவிடும். 1950-களில் ஜெர்மனியின் ஹெர்மன் ஓபெர்ஸ்ட் இப்படிப்பட்ட பூச்சுகளை அளந்து பார்க்கும் முறையை வகுத்தார். இன்றும் அந்தச் சோதனைக்கு அவர் பெயர்தான். இப்போது தாருக்குப் பதிலாக, அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் பட்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். சுவர் முழுவதும் ஒட்டத் தேவையில்லை. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் கால் பங்கு ஒட்டினாலே பெரும்பலன் கிடைத்துவிடும். முழுவதும் ஒட்டுவது பணத்துக்கும் எடைக்கும்தான் கேடு.

இரண்டாவது, உள்ளே வந்த சத்தம் சுவருக்குச் சுவர் எதிரொலிப்பது. இதற்குப் பஞ்சு போன்ற மென்மையான பொருள் வேண்டும். 1890-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஒரு விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று புகார் வந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று இரவு இரவாக அளந்தார். ஒலியியல் ஓர் அறிவியலாக மாறியதில் அந்த மெத்தைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்றாவது, வெளிச்சத்தம் சுவரைத் தாண்டி உள்ளே வருவது. இதைத் தடுக்க எடை வேண்டும். சுவரின் எடையை இரு மடங்காக்கினால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது விதி. இலேசான தெர்மகோலை எவ்வளவு அடைத்தாலும் லாரிச் சத்தம் நிற்காது. போதாக்குறைக்கு ஓடும்போது அது தகட்டோடு உரசிக் 'கிரீச் கிரீச்' என்று தன் பங்குக்குச் சத்தம் போடும்! ஸ்டேபிள்ஸின் இரண்டு டன் மரவண்டி விட்டுப்போன எடை, இங்கே வேறு வழியில் திரும்பி வருகிறது.

கல்நார்: பிறர் கொடுத்த விலை

இந்த இடத்தில் கேம்பர் வேனை விட்டுச் சற்று ரயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது. காரணம், ரயில் பெட்டியின் சுவரும் வேனின் சுவர் போன்றதுதான். வெளியே எஃகுத் தகடு, உள்ளே அழகான பலகை, நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் எதை நிரப்புவது என்ற அதே கேள்வி அங்கேயும் எழுந்தது.

1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜே.டபிள்யூ. ராபர்ட்ஸ் என்ற நிறுவனம் ஒரு முறையைக் கொண்டுவந்தது. கல்நாரைத் தண்ணீரோடு கலந்து தகட்டின் மேல் பீய்ச்சி அடிப்பார்கள். அது பஞ்சுபோல ஒட்டிக்கொள்ளும். நெருப்புப் பிடிக்காது, வெப்பம் கடத்தாது, சத்தத்தை விழுங்கும், தகட்டில் நீர் கோக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக மலிவு. கணக்குப் போட்டுப் பார்த்த எவருக்கும் இதைவிடச் சிறந்த பொருள் கிடைக்காது என்றுதான் தோன்றியிருக்கும். 1951 முதல் வந்த பிரிட்டிஷ் ரயில்வேயின் 'மார்க் 1' பெட்டிகள் பலவற்றில் நீலக் கல்நார் இப்படி அடிக்கப்பட்டது.

1960-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு தொடர்புடைய 33 பேருக்கு, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் இருப்பதை வாக்னரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். 1967-ல் பிரிட்டிஷ் ரயில்வே நீலக் கல்நாரை நிறுத்தியது. ஆனால் இந்த நோய் இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் உடலுக்குள் காத்திருக்கும். ஸ்விண்டன் நகரின் ரயில் தொழிற்சாலையில் பெட்டிகளைக் கட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் ஓய்வு பெற்ற வயதில் இறந்தார்கள். அந்த நோய்க்கே 'ஸ்விண்டன் நோய்' என்று பெயர் வரும் அளவுக்கு!

தொழிலாளர்கள் மட்டும் அல்ல. லீட்ஸ் ஆலைக்குப் பக்கத்துத் தெருக்களில் கல்நார்த் தூசி படியும். அதில் விளையாடிய குழந்தைகள் பெரியவர்களானதும் நோயாளிகள் ஆனார்கள். 1995-ல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சுற்றியிருப்பவர்களுக்கும் ஆபத்து வரும் என்பதை நிறுவனம் முன்பே உணர்ந்திருக்க வேண்டும் என்றது. தாய் நிறுவனமான டர்னர் அண்ட் நியூவாலை 1998-ல் வாங்கிய அமெரிக்காவின் ஃபெடரல்-மோகல், கல்நார் வழக்குகளின் சுமையால் 2001-ல் திவால் பாதுகாப்பு கோரியது.

வணிகவியலில் அடக்க விலை என்று ஒன்று படிக்கிறோம். மூலப்பொருள், கூலி, இதரச் செலவு. அந்தப் பட்டியலில் கல்நார் மலிவுதான். ஆனால் அதன் உண்மையான செலவு, அந்தக் கணக்கேட்டில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. அது தொழிலாளியின் நுரையீரலில் எழுதப்பட்டது. பயணிகள் கதகதப்பாகத் தூங்கினார்கள். விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ.

நுரை வந்தது, ஓட்டையும் வந்தது

கல்நாரின் இடத்தைப் பிடித்தது பிளாஸ்டிக் நுரை. 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார். இரண்டு திரவங்களைக் கலந்தால் ரொட்டி மாவு போல உப்பி இறுகும். தகட்டின் வளைவு நெளிவுக்கெல்லாம் புகுந்து ஒட்டிக்கொள்ளும். காற்றைவிடக் குறைவாக வெப்பம் கடத்தும் ஒரு வாயுவை நுரையின் குமிழிகளில் நிரப்பினால் இன்னும் நல்லது. அதற்கு சி.எஃப்.சி. வாயுக்கள் மிகப் பொருத்தமாக இருந்தன.

1974-ல் மோலினாவும் ரோலண்டும் இந்த வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எச்சரித்தார்கள். 1987-ல் மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. 1995-ல் அவர்களுக்கும் குருட்சனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நுரை இன்றும் இருக்கிறது. குமிழிக்குள் இருக்கும் வாயுதான் மாறியது.

இங்கே ஓர் ஆறுதல் உண்டு. கல்நார் விஷயத்தில் தூங்கிய உலகம், இந்த முறை ஓரளவு சீக்கிரம் விழித்துக்கொண்டது.

மூன்றாவது எதிரி

இப்போது அந்த வெஸ்ட்ஃபாலியா பலகைக்குத் திரும்புவோம். கழற்றிப் பார்த்தவர்கள் கண்டது, நனைந்து தொங்கிய பஞ்சும் துருப்பிடித்த தகடும். கண்ணாடி வழியாகவோ கூரை வழியாகவோ மழை கசிந்தது ஒரு காரணம். ஆனால் தண்ணீரின் இன்னொரு ஊற்று வண்டிக்குள் தூங்கியவர்களே!

தூங்கும் ஒரு மனிதர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளியிடுகிறார். இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் அரை லிட்டருக்கு மேல். கேஸ் அடுப்பும் சும்மா இல்லை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி வரும். உள்ளே 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் அந்த ஆவி நீராகப் படியும். குளிர்காலத் தகடு அதைவிட எவ்வளவோ குளிர்ந்தது. குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் முத்துகள் பூப்பது போலத்தான்.

பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், ஆனால் ஆவியைத் தடுக்காது. ஆவி பஞ்சுக்குள் புகுந்து தகட்டைத் தொட்டு நீராகிவிடும். பலகைக்குப் பின்னால் நடப்பதால் யார் கண்ணிலும் படாது. குளிரையும் இரைச்சலையும் வெளியிலிருந்து வரும் எதிரிகளாக நினைத்து எல்லா ஓட்டையையும் அடைத்தவர்கள், மூன்றாவது எதிரியை உள்ளேயே பூட்டி வைத்துவிட்டார்கள்.

இன்று

இன்று சொந்தமாக வேன் கட்டுபவர்கள் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டும் மூடிய குமிழி ரப்பர் நுரையை அதிகம் விரும்புகிறார்கள். குளிரூட்டும் குழாய்களுக்காகச் செய்த பொருள் அது. ஆவி எளிதில் புகாது. சிலர் ஆட்டு ரோமத்துக்கே திரும்பியிருக்கிறார்கள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சி மீண்டும் விடக்கூடியது அது. மங்கோலிய மேய்ப்பர்கள் தங்கள் கூடாரங்களை ஆட்டு ரோமக் கம்பளத்தால் போர்த்தி, கடும் குளிரில் நூற்றாண்டுகளாக வாழ்ந்து காட்டிய வழிதான் இது.

விதிகளும் வந்துவிட்டன. ஐரோப்பியத் தரத்தில் மிக உயர்ந்த நிலை பெற வேண்டுமானால், மைனஸ் 15 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் வண்டி நான்கு மணி நேரத்துக்குள் உள்ளே 20 டிகிரிக்கு வர வேண்டும். அதே நேரத்தில் இன்னொரு விதி, மூட முடியாத காற்றுத் துவாரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு பக்கம் நன்றாக அடைக்கச் சொல்லி, மறுபக்கம் ஓட்டை போடச் சொல்வது முரண்பாடு போலத் தெரியலாம். ஆனால் அந்த ஓட்டை இல்லாவிட்டால் ஈரம் தங்கும். அடுப்போ ஹீட்டரோ சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் தங்கும். முன்னது தகட்டைத் தின்னும், பின்னது ஆளையே கொன்றுவிடும்.

நூற்று நாற்பது ஆண்டுகளில் இத்தனை பொருள்கள் மாறியும், வார்டோ வண்டியின் மரச்சுவரும் புகைபோக்கியும் செய்த வேலையைத்தான் இன்றைய வேனும் செய்யப் பார்க்கிறது. குளிர் உள்ளே வரக்கூடாது, மூச்சு வெளியே போக வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு பொருள் சந்தைக்கு வரும்போது, எவ்வளவு மலிவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதைச் செய்கிறவரின் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். ஸ்விண்டன் தொழிலாளர்கள் அந்தப் பெட்டிகளுக்குள் அடித்தபோது, அந்தக் கேள்வியை யாரும் உரிய நேரத்தில் கேட்கவில்லை.